கணினி கேள்வி-பதில்: பழைய பென் டேப்லெட்டும் லினக்ஸும்

பழைய பென் டேப்லெட்டை (பேனாவால் வரைந்தால் திரையில் கோடு விழும் பலகை) எடைக்குப் போடாதீர்கள், லினக்ஸில் ஓட்டிப் பார்க்கலாம் என்று சென்ற இதழில் இரண்டு வரி எழுதியிருந்தோம். அதற்கு வந்த கடிதங்களில் பெரும்பகுதி காவிரிப் படுகையிலிருந்து. பட்டு டிசைன் போடுபவர், சிற்பக் கூடம் நடத்துபவர், பத்திரிகை அடிக்கும் டிடிபி சென்டர்காரர் என்று பலர் கேட்டிருப்பதால், இந்த முறை முழுப் பகுதியும் அவர்களுக்கே.

பட்டுச் சேலை முந்தானைக்கு டிசைன் போடுகிறேன். என்னிடம் இருப்பது பழைய பென் டேப்லெட். புதிய கம்ப்யூட்டரில் லினக்ஸ் மின்ட் போட்டுச் செருகினால் அம்பு நகர்கிறது. ஆனால் எவ்வளவு அழுத்தினாலும் கோடு ஒரே தடிமன். இதற்கு டிரைவர் எழுத வேண்டுமா?
— வாசகர், திருபுவனம்

டிரைவர், அதாவது கருவியைக் கணினியோடு பேசவைக்கும் நிரல், பெரும்பாலும் எழுத வேண்டாம். முதலில் கோளாறு எங்கே என்று பிரித்துப் பாருங்கள். டெர்மினலில் 'ஈவ்டெஸ்ட்' கட்டளையை ரூட் (நிர்வாகி) அனுமதியோடு ஓட்டி, டேப்லெட்டைத் தேர்ந்தெடுத்து, பேனாவை மெல்ல அழுத்துங்கள். 'ஏபிஎஸ் பிரஷர்' என்ற வரியில் எண் ஏறி இறங்கினால் டிரைவர் சரி, வரையும் மென்பொருளில்தான் அமைப்பு விட்டுப்போயிருக்கிறது. கிம்ப் 2.10-இல் உள்ளீட்டுக் கருவிகள் பகுதியில் அந்தப் பேனாவின் நிலையை 'ஸ்கிரீன்' என்று மாற்றினால்தான் அழுத்தம் உள்ளே வரும். அதை மாற்றாமல் டேப்லெட்டைக் குறை சொல்பவர்கள் ஏராளம்.

அந்த வரியே வரவில்லை என்றால், அடுத்து 'எல்எஸ்யூஎஸ்பி' கட்டளை. டேப்லெட்டுக்கு நேரே இரண்டு எண்கள் இருக்கும்: முதலாவது தயாரிப்பாளர், இரண்டாவது மாடல். மேலே ஒட்டியிருக்கும் பிராண்டு பெயரை நம்ப வேண்டாம், ஒரே தொழிற்சாலைப் பலகை பல பெயர்களில் விற்றிருக்கிறது. 056ஏ என்றால் வாக்காம், 5543 என்றால் யூசி-லாஜிக், 172எஃப் என்றால் வால்டாப், 0458 என்றால் ஜீனியஸ் பெயரில் விற்கும் கேஒய்இ. இந்த நான்குக்கும் லினக்ஸின் மையப் பகுதியான கர்னலிலேயே டிரைவர் உண்டு. வாக்காம் யூஎஸ்பி மாடல்கள் செருகியவுடன் ஓடும். மற்ற மூன்றில் சில மாடல்கள் பட்டியலில் விட்டுப்போயிருக்கலாம்.

உங்களுடையது 'சுண்டெலி' நிலையில் நின்றுவிட்ட கதை என்று தோன்றுகிறது. டிரைவர் இல்லாத கணினியிலும் ஏதோ ஒன்று ஓட வேண்டும் என்பதற்காக, இந்த வகைப் பலகைகள் செருகியவுடன் தங்களைச் சாதாரண மவுஸ் என்று சொல்லிக்கொள்ளும். விண்டோஸ் டிரைவர் வந்து ஒரு குறிப்பிட்ட கேள்வியைக் கேட்ட பிறகுதான் முழுத் துல்லியமும் அழுத்தமும் திறக்கும். அந்தக் கேள்வி என்ன என்பதை அடுத்த பதிலில் பாருங்கள்.

பொறியியல் கடைசி ஆண்டு. புராஜெக்டுக்காக, லினக்ஸ் ஆதரவு இல்லாத டேப்லெட் ஒன்றுக்குக் கர்னல் டிரைவர் எழுத நினைக்கிறேன். சி தெரியும். எங்கே தொடங்குவது?
— மாணவர், கும்பகோணம்

கர்னலில் தொடங்காதீர்கள். அங்கே ஒரு சுட்டி தவறினால் கணினியே உறைந்துபோகும், ஒவ்வொரு தடவையும் மறுதொடக்கம். அதே வேலையைப் பைதானில், பயனர் நிரலாகச் செய்தால் தவறு வரும்போது நிரல் மட்டும் விழும். டேப்லெட் பேசும் பாஷை முழுதும் புரிந்த பிறகு கர்னலுக்குப் போனால் மிச்ச வேலை ஒரு வாரம்தான். பாஷை புரியாமல் போனால் செமஸ்டர் முழுதும் போதாது.

வேண்டியவை இரண்டு நூலகங்கள்: யூஎஸ்பியோடு பேச 'பையூஎஸ்பி', லினக்ஸுக்குள் ஒரு போலி டேப்லெட்டை உண்டாக்க 'பைதான்-ஈவ்டெவ்'. பின்னது 'யூஇன்புட்' என்ற கர்னல் வாசல் வழியாக வேலை செய்கிறது.

முதல் வேலை, கர்னலின் பிடியிலிருந்து டேப்லெட்டை விடுவிப்பது. இந்தப் பலகைகளில் பேனா, மவுஸ், சில சமயம் விசைப்பலகை என்று இரண்டு மூன்று இன்டர்ஃபேஸ்கள் இருக்கும். எல்லாவற்றிலிருந்தும் கர்னல் டிரைவரைக் கழற்றுங்கள். ஒன்றை விட்டுவிட்டால் உங்கள் நிரலும் கர்னலும் ஒரே அம்பை ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்.

அடுத்து எழுப்பும் கேள்வி. 5543 குடும்பத்தின் பழைய மாடல்களில் அது 100-ஆம் எண் சரத்தைக் கேட்பது. கன்ட்ரோல் டிரான்ஸ்ஃபர் (யூஎஸ்பி வழியே போகும் கட்டளை) ஒன்று அனுப்ப வேண்டும்: கோரிக்கை வகை 80, கோரிக்கை 6, மதிப்பு 0364, மொழி எண் 0409, நீளம் 12 பைட். நீளம் தவிர எல்லாம் பதினாறடிமான எண்கள். 100 என்பது அந்த முறையில் 64, சரம் என்பதற்கான குறி 03, இரண்டும் சேர்ந்ததுதான் 0364. சற்றுப் புதிய பலகைகள் 200-ஆம் சரத்தைக் கேட்டால் எழும், பதில் 18 பைட். பலகைமேல் பொத்தான்கள் உள்ள சில மாடல்களில் 123-ஆம் சரத்தையும் கேட்க வேண்டும். 'எச்கே ஆன்' என்று பதில் வந்தால் பொத்தான்களும் விழித்துக்கொண்டன என்று அர்த்தம்.

100-ஆம் சரத்தின் பதிலைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், டேப்லெட்டின் ஜாதகமே அதில் இருக்கிறது. 3, 4-ஆம் பைட்டுகள் அகலத்தின் உச்ச எண், 5, 6 உயரத்தின் உச்சம், 9, 10 அழுத்தத்தின் உச்சம், 11, 12 அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது. அளவுகோல் வைத்து அளக்கும் வேலை மிச்சம்.

பலகை எழுந்துவிட்டால், இன்டரப்ட் முனையிலிருந்து (பேனாவின் தகவல் வரும் வாசல்) 8 பைட் கட்டுகள் வரத் தொடங்கும். ஒரு கட்டு இப்படி இருக்கிறது என்று வையுங்கள்: 07 81 10 27 88 13 00 02. முதல் பைட் அறிக்கை எண். இரண்டாவது பேனாவின் நிலை. 3, 4 கிடைமட்டம். சிறிய பைட் முதலில் வரும் என்பதால் 27-ஐ முன்னால் வைத்து 2710 என்று படிக்க வேண்டும்: 39 × 256 + 16 = 10,000. மாற்றிப் படித்தால் 4,135 வரும், பேனாவை நேர்கோட்டில் இழுத்தால் அம்பு திரை முழுக்கத் துள்ளும். அப்படித் துள்ளினால் சந்தேகமே வேண்டாம், பைட் வரிசைதான். அதேபோல் 88 13 என்பது 5,000. 00 02 என்பது அழுத்தம் 512, உச்சம் 1,023 என்றால் ஏறக்குறையப் பாதி.

நிலை பைட்டில் கடைசி பிட் நுனி தொட்டதைக் காட்டும், அதற்கு முந்தைய இரண்டும் பேனாவின் பக்கப் பொத்தான்கள். சிக்கல் ஆறாம் பிட்டில் (கடைசி பிட்டைப் பூஜ்யம் என்று எண்ணினால்). பேனா பலகைக்கு அருகில் இருக்கிறதா என்பதை அது சொல்கிறது, ஆனால் தலைகீழாக: அருகில் இருந்தால் 0, விலகினால் 1. ஆகவே பேனா மேலே மிதக்கும்போது 80, தொட்டால் 81, எடுத்துவிட்டால் சி0. இதைக் கவனிக்காமல் விட்டால், பேனாவை எடுத்த பிறகு அம்பு உயிரோடும் வைத்த பிறகு செத்தும் கிடக்கும். சில பலகைகள் விலகியதைச் சொல்வதே இல்லை. அவற்றுக்கு, 100 மில்லி வினாடி கட்டு எதுவும் வராவிட்டால் பேனா போய்விட்டது என்று நிரலே முடிவு செய்ய வேண்டும். கர்னல் டிரைவரும் அதைத்தான் செய்கிறது.

உங்கள் பலகை வேறு குடும்பமாக இருந்து எந்தக் கேள்விக்கும் எழாவிட்டால், விண்டோஸ் டிரைவர் என்ன கேட்கிறது என்று ஒட்டுக்கேளுங்கள். விர்ச்சுவல்பாக்ஸில் (கணினிக்குள் இன்னொரு கணினியை ஓட்டும் மென்பொருள்) பழைய விண்டோஸையும் அதன் டிரைவரையும் போட்டு, டேப்லெட்டை அதற்குள் விட்டுவிட்டு, வெளியே லினக்ஸில் 'யூஎஸ்பிமான்' மாட்யூலை ஏற்றி வயர்ஷார்க்கில் பதிவு செய்யுங்கள். செருகிய முதல் ஓரிரு வினாடிகளில் நடக்கும் பேச்சுதான் முக்கியம். அதன் பிறகு வருவதெல்லாம் பேனாக் கட்டுகள். பதிவு செய்யும்போது ஒரே நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: நான்கு மூலைகளில் பேனாவை வைத்து ஒரு பதிவு, ஒரே இடத்தில் மெல்ல அழுத்தி ஒரு பதிவு, பொத்தானை மட்டும் தட்டி ஒரு பதிவு. எல்லாவற்றையும் ஒன்றாகக் கிறுக்கிப் பதிவு செய்தால் எந்த பைட் எதற்கு மாறியது என்று தேடியே விடிந்துவிடும்.

இனி லினக்ஸ் பக்கம். போலி டேப்லெட்டை அறிவிக்கும்போது கிடைமட்டம், செங்குத்து, அழுத்தம் மூன்று அச்சுகளும், 'பிடிஎன் டூல் பென்', 'பிடிஎன் டச்', 'பிடிஎன் ஸ்டைலஸ்' மூன்று பொத்தான்களும் வேண்டும். பேனாவில் பொத்தானே இல்லாவிட்டாலும் ஸ்டைலஸை அறிவித்துவிடுவது நல்லது. இடத்தைக் காட்டும் இரண்டு அச்சுக்கும் ரெசல்யூஷன் கட்டாயம், மில்லிமீட்டருக்கு எத்தனை புள்ளி என்ற கணக்கில். அங்குலத்துக்கு 4,000 என்றால் 25.4-ஆல் வகுத்து 157. இது பூஜ்யமாக இருந்தால், உள்ளீட்டைத் திரைக்குக் கொண்டுபோகும் லிப்இன்புட் நூலகம் 'திறன் குறைவு' என்று ஒரு வரி எழுதிவிட்டு டேப்லெட்டைப் புறக்கணித்துவிடும். ஈவ்டெஸ்ட்டில் எல்லாம் சரியாக வருகிறது, திரையில் அம்பு அசையவில்லை என்று எழுதுபவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். யூஇன்புட்டின் பழைய அறிவிப்பு முறையில் ரெசல்யூஷனுக்கு இடமே கிடையாது. கர்னல் 4.5-இல், 2016-இல் வந்த புதிய முறையைத்தான் பயன்படுத்த வேண்டும். ஆகவே நூலகத்தின் பதிப்பும் புதிதாக இருக்கட்டும்.

பேனா அருகே வந்ததும் டூல் பென் 1, பிறகு இடம், தொட்டால் டச் 1, அழுத்தம், கடைசியில் 'சின் ரிப்போர்ட்'. ஒவ்வொரு கட்டுக்கும் கடைசி வரி அதுதான். அது போகாமல் மேலே அனுப்பியது எதுவும் மென்பொருளைச் சேராது.

இதெல்லாம் ஓடிய பிறகு கர்னலுக்கு வாருங்கள். ஹிட் (மவுஸ், விசைப்பலகை போன்ற உள்ளீட்டுக் கருவிகளுக்கான கர்னல் அடுக்கு) டிரைவராக எழுதினால் உங்கள் பங்கு மூன்று செயல்கூறுகள்: 'புரோப்' எழுப்பும் கேள்வியைக் கேட்கும், 'ரிப்போர்ட் ஃபிக்ஸ்அப்' பலகை தரும் தவறான விவரத்துக்குப் பதில் சரியானதை வைக்கும், 'ரா ஈவென்ட்' அந்தத் தலைகீழ் பிட்டைத் திருப்பிப் போடும். அச்சு, பொத்தான் மற்றதையெல்லாம் ஹிட் அடுக்கே பார்த்துக்கொள்ளும். கர்னல் 6.3-இல், 2023-இல் வந்த ஹிட்-பிபிஎஃப் முறையில் விவரத்தையும் பிட்டையும் திருத்தும் வேலையை மாட்யூலே எழுதாமல் செய்யலாம். புராஜெக்டாகக் காட்ட அது இன்னும் எடுப்பாக இருக்கும்.

சிற்பக் கூடத்தில் உருவங்களை முதலில் கணினியில் வரைகிறோம். டேப்லெட் ஓடுகிறது. ஆனால் திருவாசியை வட்டமாக இழுத்தால் திரையில் முட்டை வடிவில் வருகிறது. டிரைவர் கோளாறா?
— வாசகர், சுவாமிமலை

இல்லை, விகிதம். ஒடியோலையை மடித்து அளவு பிரிப்பவர்களுக்கு இது ஒரு நிமிடக் கணக்கு. உங்கள் பலகை 8 × 6 அங்குலம், திரை 1920 × 1080 என்று கொள்வோம். அகலத்தில் ஓர் அங்குலத்துக்கு 240 புள்ளி, உயரத்தில் 180. இரண்டு அங்குல வட்டம் போட்டால் 480 × 360 புள்ளியில் படுத்த முட்டைதான் வரும். உயரத்தில் 4.5 அங்குலத்தை மட்டும் பயன்படுத்தினால் அங்கும் 240, வட்டம் வட்டமாகிவிடும். கீழே ஒன்றரை அங்குலம் வீணாகும், வேறு வழியில்லை.

உங்கள் லினக்ஸின் திரை அமைப்பு எக்ஸ்11 என்றால் 'எக்ஸ்இன்புட்' கட்டளையில் டேப்லெட்டின் ஆய உருமாற்ற அணியை 1 0 0 0 1.333 0 0 0 1 என்று வையுங்கள். 6-ஐ 4.5-ஆல் வகுத்ததுதான் அந்த 1.333. நீங்களே எழுதிய யூஇன்புட் நிரல் என்றால் இன்னும் எளிது: உயரத்தின் உச்சம் 24,000 என்று அறிவிப்பதற்குப் பதில் 18,000 என்று அறிவித்து, அதற்கு மேல் வருவதை 18,000-லேயே நிறுத்துங்கள். இரண்டு திரை மாட்டியிருந்தால் முதலில் டேப்லெட்டை ஒரு திரைக்கு மட்டும் கட்டிவிட்டுப் பிறகு இந்தக் கணக்கைப் போடுங்கள்.

டிடிபி சென்டர் பரணில் பழைய வாக்காம் ஒன்று கிடைத்தது. யூஎஸ்பி இல்லை, 9 பின் சீரியல். அடியில் யூடி-0608 என்று போட்டிருக்கிறது. உயிர் வருமா?
— வாசகர், நாகப்பட்டினம்

வரும். இதற்கும் டிரைவர் எழுத வேண்டாம். 'வாக்காம்_சீரியல்4' என்ற மாட்யூல் 2014 முதல் கர்னலில் இருக்கிறது. உப்புக் காற்று ஊர் என்பதால் முதலில் 9 பின் முனையைப் பாருங்கள். பச்சை பூத்திருந்தால் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் பழைய பல்துலக்கியும் போதும். அடாப்டர் தொலைந்திருந்தால் பலகையின் அடியில் அச்சிட்ட வோல்ட்டையும் முனைக் குறியையும் பார்த்தே மாற்று வாங்குங்கள், செருகி இறுக்கமாக உட்கார்ந்தது என்பதற்காக மாட்டிவிட வேண்டாம்.

யூஎஸ்பி-சீரியல் கேபிள் வாங்கும்போது ஆர்எஸ்-232 என்று கேட்டு வாங்குங்கள். மைக்ரோகன்ட்ரோலருக்கு விற்கும் 5 வோல்ட் டிடிஎல் பலகை இதற்கு ஆகாது. மின்னழுத்த அளவும் வேறு, குறியும் தலைகீழ், மாட்டினால் அந்த டிடிஎல் பலகை போய்விடவும் கூடும்.

வேகம் 9600, 8 பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். சீரியல் டெர்மினல் ஒன்றைத் திறந்து ~# என்று அனுப்பினால் பலகை தன் மாடல் பெயரையும் ரோம் பதிப்பையும் சொல்லும். சொன்னால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று. டெர்மினலை மூடிவிட்டு, 'இன்புட்அட்டாச்' கட்டளையை 'வாக்காம்_ஐவி' தேர்வோடு அந்த முனைக்கு ஓட்டுங்கள்.

பதிலே வராவிட்டால் உங்கள் பயனர் 'டயல்அவுட்' குழுவில் இருக்கிறாரா என்று பாருங்கள். ஒருமுறை வந்து அடுத்த முறை வராமல் போனால் 'மோடம்மேனேஜர்' மேல் சந்தேகப்படுங்கள். சீரியல் முனையைக் கண்டால் மோடமோ என்று அது சில சமயம் கட்டளை அனுப்பிச் சோதித்து, டேப்லெட்டைக் குழப்பிவிடும். டாங்கிள் பயன்படுத்தாதவர் அதை நீக்கியே விடலாம்.

கோடு வழவழப்பாக வராமல் ஒடிந்து ஒடிந்து வந்தால் கேபிள் காரணமாக இருக்கலாம். இந்தப் பலகையின் ஒரு கட்டு 7 பைட், 9600 வேகத்தில் வினாடிக்குச் சுமார் 137 கட்டு. எஃப்டிடிஐ சில்லு உள்ள கேபிள்கள் இயல்பாக 16 மில்லி வினாடி வரை பைட்டுகளைச் சேர்த்து வைத்துக் கொட்டும், அதாவது இரண்டு கட்டுகள் சேர்ந்து வந்து விழும். சிஸ்எஃப்எஸ்-இல் (/sys கோப்பகம்) அந்த முனையின் 'லேட்டன்சி டைமர்' மதிப்பை 1 ஆக்குங்கள்.

மாடல் பெயர் ஜிடி என்று தொடங்கினால் மட்டும் வேறு நெறிமுறை, 9 பைட் கட்டு. மேலே சொன்ன மாட்யூல் அதற்குப் பொருந்தாது.

பைதானில் எழுதிய டிரைவர் நன்றாக ஓடுகிறது. ஆனால் தினமும் கையால் ஓட்ட வேண்டியிருக்கிறது. யூடெவ் விதியில் ஓட்டும் கட்டளையாகக் கொடுத்தால் ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை.
— வாசகர், மயிலாடுதுறை

யூடெவ் (கருவியைச் செருகும்போது என்ன நடக்க வேண்டும் என்று பார்க்கும் பகுதி) விதியிலிருந்து நேராக ஓட்டும் நிரல்கள் சட்டென்று முடிந்துவிட வேண்டும். நீண்ட நேரம் ஓடினால் யூடெவ் கொன்றுவிடும். நிரலைப் பின்னணியில் ஓடும் ஒரு சிஸ்டம்டி சர்வீஸாக எழுதி, விதியில் தயாரிப்பாளர் எண்ணையும் மாடல் எண்ணையும் பொருத்தி, 'சிஸ்டம்டி' என்ற டேக் வைத்து, அந்தச் சர்வீஸை 'சிஸ்டம்டி வான்ட்ஸ்' மூலம் அழையுங்கள். செருகும்போது தானே எழும்.

இன்னொன்றையும் இப்போதே செய்துவிடுங்கள். மடிக்கணினி தூங்கி எழுந்தால் சில பலகைகள் திரும்ப மவுஸ் நிலைக்குப் போய்விடும். புதிதாகச் செருகியதாகக் கணக்காகாததால் விதியும் ஓடாது. வரும் கட்டின் முதல் பைட் 07 இல்லை என்றால் எழுப்பும் கேள்வியை மறுபடி கேள் என்று நிரலில் இரண்டு வரி சேர்த்தால் போதும்.

கர்னல் மாட்யூலாக எழுதியவர்கள் டிகேஎம்எஸ்-இல் பதியுங்கள், கர்னல் மாறும்போது தானே மறுபடி கட்டிக்கொள்ளும். செக்யூர் பூட் இயங்கும் கணினியில் கையொப்பம் இல்லாத மாட்யூல் ஏறாது.

மடிக்கணினியில் சார்ஜர் மாட்டியிருக்கும்போது மட்டும் கோடு நடுங்குகிறது. அரசு கொடுத்த பழைய மடிக்கணினி, 2 ஜிபி ராம். டிரைவரில் வடிகட்டி போடலாமா?
— வாசகி, மன்னார்குடி

வடிகட்டி கடைசியில். சார்ஜரை மாட்டினால் நடுங்கி, பிடுங்கினால் நிற்கிறது என்றால் அது எர்த் கோளாறு. இந்தப் பேனாக்கள் மின்காந்த அலையால் பேசுபவை, எர்த் இல்லாத சார்ஜரின் இரைச்சல் யூஎஸ்பி வழியே பலகைக்குள் நுழையும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் மாட்டியிருந்தால் முதலில் அதை எடுங்கள், பிளக் பாயின்டில் எர்த் உண்மையில் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். பலகை இரும்பு மேசைமேல் இருந்தாலும் இதே நடுக்கம் வரும். அடியில் ஒரு தடித்த நோட்டு வைத்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகும் மிஞ்சினால், கடைசி 4 இடங்களின் சராசரியை அனுப்புங்கள். எட்டு, பத்து என்று ஏற்றினால் நடுக்கம் போகும், ஆனால் கோடு பேனாவுக்குப் பின்னால் இழுபடும். சிக்குக் கோலத்தின் வளைவெல்லாம் மழுங்கிவிடும்.

அரசு கொடுத்த அந்தக் கணினிகளோடு விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்த்தே கொடுத்தார்கள். அந்தப் பழைய கர்னலோடு போராடாமல் எடை குறைந்த புதிய லினக்ஸ் ஒன்றைப் போடுங்கள். வரையும் மென்பொருள்களில், 2 ஜிபியில் கிரிட்டா மூச்சு வாங்கும், மைபெயின்ட் தாங்கும்.

பலகை இருக்கிறது, பேனா தொலைந்துவிட்டது. வேறு பேனா வாங்கினால் டிரைவரில் சரிசெய்ய முடியுமா?
— வாசகர், பட்டுக்கோட்டை

முடியாது. பேனாவும் பலகையும் ஒரே அலைவரிசையில் ஒத்திசைய வேண்டும், அது வன்பொருளில் முடிந்துபோன விஷயம். வாக்காமிலேயே கிராஃபயர் பேனா இன்ட்யூஸில் ஓடாது. அதே மாடலின் பழைய பேனா கிடைத்தால் வாங்குங்கள். பேட்டரி போடும் வகை என்றால் மூடியைத் திறந்து, உள்ளே பேட்டரி கசிந்து வெள்ளை பூத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.